கல்வெட்டில் ஏறிய முகம்

யாழ்ப்பாணத்துச் சைவர்கள் ஒரு விசயத்தில் மகா துணிச்சல்காரர்கள். செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கிற மெல்லிய புத்தகத்துக்குக் கல்வெட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் புலம்பும் பாட்டு, கடைசிப் பக்கத்தில் நன்றி. அதில் கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த மறுகிழமை அது மேசை லாச்சிக்குள் போய்விடும். மன்னாரில் பிறந்த கத்தோலிக்கரான ஸ்ரனிஸ்லாஸுக்கு இந்தப் பெயர் நல்ல பகிடியாக இருந்தது. “பேப்பரில அடிச்சாலும் கல்வெட்டு, கல்லில வெட்டினாலும் கல்வெட்டு. ரெண்டையும் நான்தானே செய்யிறன்,” என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அது போன வருடம் வரைக்கும். இப்போது அந்தச் சொல் காதில் விழுந்தாலே அவருடைய முகம் சுண்டிப்போகிறது.

கடை அவுஸ்திரேலியாவில், ஸ்பிரிங்வேலில் இருக்கிறது. ஒரு பக்கம் வியட்நாமியரின் பாண் கடை, மறுபக்கம் தையற்கடை, நடுவில் ஒடுக்கமாக இவருடையது. பள்ளிக்கூடங்களின் வெற்றிக் கிண்ணங்களில் பெயர் பொறிப்பார். பல் வைத்தியர்களுக்குப் பித்தளைப் பெயர்ப்பலகை வெட்டுவார். தமிழ்ச் சனத்துக்கு நினைவுக்கல்லும் கல்வெட்டும். எதைச் செய்தாலும் அடியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ‘ஸ்ரனிஸ்லாஸ் பதிப்பு’ என்று போடாமல் விடமாட்டார். செத்தவரின் கல்லில்கூடவா என்று மனைவி பேர்ள் ஒருமுறை கேட்டாள். “அவர் ஒண்டும் சொல்லமாட்டார்,” என்றார்.

படம் கீறுகிறவள் பேர்ள்தான். அவளுடைய பெயர் எங்கேயும் போட்டதில்லை. அவளும் கேட்டதில்லை, இவருக்கும் தோன்றவில்லை.

சண்டையிலும் இடப்பெயர்விலும் எங்கள் சனம் விட்டுவிட்டு ஓடியவற்றில் முதல் பொருள் படங்கள். இங்கே வந்து இரண்டு மாடி வீடு கட்டியவர்களில் பெற்ற தாயின் ஒரு படம்கூட இல்லாதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கடைக்கு வந்து கதிரையில் இருந்து சொல்லச் சொல்லப் பேர்ள் கீறுவாள். மூக்கு ஆரைப் போல, உங்கட தங்கச்சியைப் போலயோ? சிரிக்கேக்க கண் சுருங்குமோ? காது வெளியால நிக்குமோ? கீறுவதும் அழிப்பதுமாக நாலைந்து தரம் வந்து போன பிறகு, ஒருநாள் வந்தவர் வாயடைத்துப் போய் நிற்பார். சிலர் அந்தத் தாளைத் தொட்டுக் கும்பிடுவார்கள். பிறகு ஸ்ரனிஸ்லாஸ் அதை வாங்கிக் கணினியில் ஏற்றிக் கல்லில் வெட்டி, அடியில் தன் பெயரைப் போட்டுவிடுவார்.

கெட்ட மனுசர் இல்லை. ஆனால் படம் என்பதை அவர் அச்சாகத்தான் பார்த்தார், ஒரு ஆளாக ஒருநாளும் பார்க்கவில்லை. அதற்கு அவர் பழகின தொழிலையும் கொஞ்சம் குறை சொல்லலாம். பேசாலையில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, மன்னார் அச்சகம் ஒன்றில் றப்பர் முத்திரை வெட்டப் போனவர். அங்கே ஒரு மயிலை வெட்டி வைத்தால் கலியாண அழைப்பிதழிலும் மயில், கடைத் திறப்பு விழாவிலும் அதே மயில். அந்தப் பழக்கம் கடல் கடந்தும் விடவில்லை. ஸ்பிரிங்வேலிலும் ஒரே குத்துவிளக்குத்தான் எல்லாக் கல்வெட்டுக்கும். பிள்ளைகள் புலம்பும் பாட்டும் ஒன்றுதான், பெயரை மட்டும் மாற்றுவார். ஒருமுறை பெயரை மாற்ற மறந்து, டண்டினோங்கில் ஒரு குடும்பம் முன்பின் தெரியாத ஒருவரை நினைத்து ‘எங்களைத் தவிக்கவிட்டுப் போனாயோ’ என்று உருகி உருகிப் பாடிவிட்டது. “பாடினவைக்கே தெரியேல்லை,” என்று அதையும் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தார்.

ஒரு தந்தையர் தினத்துக்கு மகள் அனோஜினி அவரை நகரத்துக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஜெர்மன்காரர்களின் அச்சுப்படங்கள் மாட்டியிருந்தன. செப்புத் தகட்டில் தாங்களே வெட்டி, மை பூசித் தாளில் எடுத்து, தாங்களே விற்றும் பிழைத்த மனிதர்கள். படத்தின் அடியில் வெட்டினவரின் பெயரைக் கண்டதும் ஸ்ரனிஸ்லாஸுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. அந்தக் காலத்துப் பதிப்பாளர்கள் சிலர் ஒரே முகத்தை ஒரு பக்கத்தில் ஒரு ராசாவாகவும் நாலு பக்கம் தள்ளி இன்னொரு ராசாவாகவும் அச்சடித்தார்கள் என்று படங்களைச் சுற்றிக் காட்டிய பெண் சொன்னாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் பேர்ளிடம் அதைத்தான் சொன்னார். “நான் மட்டுமில்லையப்பா. அவங்கள் அப்பவே செய்திருக்கிறாங்கள்.”

பேர்ள் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். முகம் என்பது அவளுக்கு அப்படி லேசான விசயம் இல்லை.

அவளுக்கு ஒரு தம்பி, றெஜினோல்ட். வீட்டில் றெஜி. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள், அதோடு சரி. பேர்ளும் தாயும் வள்ளம் ஏறி இராமேசுவரம் போய் மண்டபம் முகாமில் இருந்தார்கள். கையில் றெஜியின் படம் ஒன்றும் இல்லை. வள்ளங்களில் புதிதாக வந்து இறங்குகிறவர்களிடம் விசாரிப்பதற்காகப் பேர்ள் அவனுடைய முகத்தை ஒரு கொப்பித் தாளில் கீறிக்கொண்டு கரைக்குப் போவாள். அவள் கீறத் தொடங்கியது அப்படித்தான். அதே முகாமில் இருந்த ஸ்ரனிஸ்லாஸ் அவளை முதலில் கண்டதும் அந்தத் தாளோடுதான்.

அடுத்த வருடம் அவள் வேறு ஒரு படம் கீறினாள். இப்ப அவனுக்கு மீசை தடிச்சிருக்கும், பழைய படத்தைக் காட்டினால் சனத்துக்கு ஆள் எப்படி மட்டுப்படும் என்றாள். அதிலிருந்து செப்டெம்பரில் றெஜியின் பிறந்தநாள் வந்தால் ஒரு படம். கலியாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, அவுஸ்திரேலியாவுக்கு வந்து, தாய் கண்ணை மூடிய பிறகும் அது நிற்கவில்லை. றெஜிக்குக் கன்னம் விழுந்தது. நெற்றி ஏறியது. கண்ணுக்குக் கீழே பை கட்டியது. றெஜி செத்துவிட்டான் என்று பேர்ள் ஒருநாளும் சொன்னதில்லை. “றெஜிக்கு இப்ப முக்கால்வாசி நரைச்சிருக்கும்,” என்பாள். அவனுடைய ஆன்மாவுக்கென்று ஒரு செபமும் சொல்லவிடமாட்டாள். உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்கு என்று கேட்பாள்.

ஸ்ரனிஸ்லாஸ் அதை நம்பவில்லை. மனதுக்குள் அவர் மைத்துனரை எப்போதோ அடக்கம் செய்துவிட்டார். மனைவி மனம் நோகும் என்று வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இருப்பான், வருவான் என்று ஒரு ஆறுதல் வார்த்தையும் அந்த வாயிலிருந்து வந்ததில்லை. செப்டெம்பரில் அவள் மேசையில் குனிந்திருக்கும்போது தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன்பாட்டில் போய்விடுவார்.

போன வருடம் ஜூனில் அனோஜினிக்குப் பிள்ளை பிறந்தது. பேர்ள் பத்தியம் பார்க்கச் சிட்னிக்குப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் ராகவி கடைக்கு வந்தாள். மல்கிரேவில் ஒரு அலுவலகத்தில் வேலை, வயது நாற்பதுக்குள். தாய் யோகாம்பிகை இங்கே காலமாகிவிட்டார். தாயின் சாம்பலை வைக்கிற தோட்டத்தில் ஒரு சின்னக் கறுப்புக் கல்லும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டும் வேண்டும். இரண்டிலும் தாய்க்குப் பக்கத்தில் தகப்பன் கல்யாணசுந்தரமும் இருக்க வேண்டும். தகப்பன் இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னியில், கடைசிச் சண்டைக்குள் செத்தவர்.

“பங்கருக்குப் பக்கத்திலயே தாட்டுப்போட்டு ஓடினனாங்கள், அங்கிள். ஒரு தேவாரம் படிக்கேல்லை. அம்மா இவ்வளவு காலமும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதவ. இப்பவாவது ரெண்டு பேரையும் ஒண்டா வைக்க வேணும்.”

“அப்பாட படம்?”

“ஒண்டும் இல்லை. அன்ரி கேட்டுக் கேட்டுக் கீறுவா எண்டு சொல்லிச்சினம்.”

பேர்ள் திரும்பி வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. அந்தியேட்டிக்கு அவ்வளவு நாள் இல்லை. கனடாவிலிருந்து சொந்தக்காரர் ரிக்கெற் போட்டாயிற்று. இல்லை தங்கச்சி, இந்த முறை சரிவராது என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவருடைய பெருமை விடவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் பேர்ளின் அலுமாரியைத் திறந்து அவள் கீறிக் கழித்துவிட்ட பழைய தாள்களை எடுத்தார். நாலைந்து ஆண் முகங்களைப் போனில் படம் பிடித்தார். மூக்கு இப்படியா, தாடை அப்படியா என்று காட்டிக் கேட்டால் ஒன்றோடு ஒன்றை ஒட்டி ஏதாவது செய்யலாம் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கட்டுக்கு அடியில் றெஜியின் கடைசிப் படம் இருந்தது. முன்னைய செப்டெம்பரில் கீறியது. அதையும் பிடித்தார்.

அடுத்த நாள் ராகவி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மூக்கு இல்லை, இது இல்லை, இதுவும் இல்லை என்று வந்தவள் கடைசிப் படத்தில் அப்படியே நின்றுபோனாள். பிறகு போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள்.

“இது எங்கட அப்பா, அங்கிள். கண்ணைப் பாருங்கோ. அப்பாதான். அன்ரி எப்பிடிக் கீறினவ?”

வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. ஸ்ரனிஸ்லாஸ் திறக்கவில்லை. “அவவுக்கு அப்பிடி ஒரு கை,” என்றார்.

அன்று பின்னேரம் பேர்ளைக் கேட்கலாம் என்றுதான் சிட்னிக்குப் போன் எடுத்தார். பின்னால் பேரப்பிள்ளை வீரிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. “என்னப்பா, கெதியாச் சொல்லுங்கோ,” என்றாள் பேர்ள். பிள்ளை பால் குடிக்குதோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வைத்த கையோடு, ஒரு படம்தானே, அவையள் சைவம், நாங்கள் வேதக்காரர், இவள் அந்தக் கல்லை எங்கே காணப்போகிறாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மற்றவர் ஏமாற்றினால் கண்டுபிடித்துவிடுகிற மனுசன், தன்னையே ஏமாற்றும்போது எப்படிக் கோட்டை விடுகிறான் பாருங்கள்.

கணினியில் வைத்து நெற்றியில் மூன்று குறி திருநீறு இழுத்தார். சேட்டுக் கொலரை எடுத்துவிட்டுச் சால்வை போட்டார். கறுப்புக் கிரனைற்றில் லேசர் தொட்ட இடம் வெளுக்கும், தொடாத இடம் கறுப்பாக நிற்கும். அதனால் நரைத்த தலை அதில் மிக அழகாக விழும். றெஜியின் தலைமயிர் ஒவ்வொரு இழையாக விழுந்தது. அவர் அதுவரை வெட்டிய முகங்களில் அதுதான் திறமானது. கல்வெட்டின் முன்னட்டையிலும் அதே முகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ‘அமரர்’. அடியில் வழக்கம் போல ‘ஸ்ரனிஸ்லாஸ் பதிப்பு’.

பேர்ள் வந்த பிறகு சொல்லிவிடுவது என்று இருந்தார். அவள் வந்தாள். களைத்துப் போய் வந்திருக்கிறாள், நாளைக்குப் பார்ப்பம் என்றார். நாளைக்கு அவள் சந்தோசமாகப் பேரப்பிள்ளையின் படங்களைக் காட்டினாள், இன்றைக்கு எதற்குக் கெடுப்பான் என்றார். இப்படியே ஒவ்வொரு நாளும் ஒரு நல்ல காரணத்தோடு போனது. சொல்லியிருந்தால் அவள் சண்டை பிடித்திருப்பாள், அழுதிருப்பாள், ஒரு கிழமை பேசாமல் இருந்திருப்பாள். ஆனால் அவருடைய வாயால் கேட்டிருப்பாள். அந்த ஒன்றையாவது அவர் செய்திருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை காலை, ராகவி வாய்ப்பன் பலகாரம் ஒரு பெட்டியோடு கடைக்கு வந்தாள். ஸ்ரனிஸ்லாஸ் பின்னால் மெஷினோடு நின்றார். முன்னால் பேர்ள் மட்டும்.

“பேர்ள் அன்ரி நீங்கள்தானே? நான் அண்டைக்கே உங்களைப் பாத்துச் சொல்ல வேணும் எண்டு நினைச்சனான். எங்கட அப்பாவை நீங்கள்தான் திருப்பித் தந்தனீங்கள்.”

சொல்லிக்கொண்டே கல்வெட்டை எடுத்துப் பேர்ளின் கையில் வைத்தாள்.

ஸ்ரனிஸ்லாஸ் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தபோது காரியம் முடிந்துவிட்டது. பேர்ள் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திருநீறு பூசிய றெஜி. சால்வை போட்ட றெஜி. அமரர் றெஜி. ஒரு பெருவிரலால் அந்த நெற்றியை மெல்லத் தடவினாள், திருநீற்றைத் துடைத்துவிடப் பார்க்கிறவள் போல. இவள் இப்போது சொல்லப்போகிறாள், அந்தப் பிள்ளை துடித்துப்போகும் என்று ஸ்ரனிஸ்லாஸ் பயந்தார்.

பேர்ள் தலையை நிமிர்த்தி ராகவியைப் பார்த்தாள்.

“அப்பா உங்களில நல்ல பட்சமோ?” என்று கேட்டாள்.

“ஓம் அன்ரி. நான் கடைக்குட்டி.”

“முகத்தைப் பாக்கவே தெரியுது,” என்றாள் பேர்ள். வாய்ப்பனில் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள். ராகவி அவளைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சிவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் ஸ்ரனிஸ்லாஸ் பேசத் தொடங்கினார். அந்தப் பிள்ளை அழுதது, நாள் இல்லை, உமக்குப் போன் எடுத்தனான், பிள்ளை கத்தினது என்று அவிழ்த்துக் கொட்டினார். பேர்ள் வாய்ப்பன் பெட்டியை மூடி ஓரமாக வைத்தாள். அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

“கல்லிலயும் இருக்கோ?” என்றாள்.

“ஓம்.”

“என்னைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ.”

போகும் வழியெல்லாம் திருத்துவதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். பித்தளையில் பிழை விட்டால் பின்பக்கத்தால் தட்டி மேலே எழுப்பி, தேய்த்துத் திரும்ப வெட்டலாம். கல்லில் அது ஏலாது. ஆனால் அரைத்து எடுக்கலாம், இல்லாவிட்டால் தன்னுடைய செலவில் புதுக்கல்லே போடலாம், நீர் வேறு முகம் ஒன்று கீறித் தாரும் என்றார்.

“அந்தப் பிள்ளையிட்ட என்னெண்டு சொல்லுவியள்? இது உங்கட அப்பா இல்லை எண்டோ?”

ஸ்ரனிஸ்லாஸ் காரைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினார்.

சாம்பல் வைக்கும் தோட்டத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. தாயும் தகப்பனுமாக இரண்டு முகம், இரண்டு பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி. பேர்ள் குந்தி இருந்து கல்லில் விழுந்த நீரை முந்தானையால் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள், மழை திரும்பத் திரும்ப விழுந்தது. பிறகு நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு, செத்தவர்களுக்குச் சொல்லும் செபத்தை மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே. தாயின் பெட்டிக்கு முன்னாலும், இங்கே எத்தனையோ பேரின் குழிக்கு முன்னாலும் அவள் அதைச் சொல்லி இவர் கேட்டிருக்கிறார். தம்பிக்குச் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தரம். அவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். அவருக்கு நா எழவில்லை.

அதன் பிறகு பேர்ள் கோபமாக இருக்கவில்லை. சமைத்தாள், கடைக்கு வந்தாள், சிட்னிக்குப் போன் எடுத்துப் பிள்ளையோடு கொஞ்சினாள். படம் கேட்டு வந்தவர்களுக்கு மட்டும் கண் தெரிவதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்பது ஸ்ரனிஸ்லாஸுக்குத் தெரியும். அவர் அதற்குப் பிறகு செய்த வேலை ஒன்றிலும் தன் பெயரைப் போடவில்லை. பேர்ள் அதைக் கவனித்தாளோ தெரியாது. கவனித்திருந்தாலும் காலம் கடந்த கெட்டித்தனம் அது.

செப்டெம்பர் வந்தது. றெஜியின் பிறந்தநாளன்று அவர் வேளைக்கு எழும்பி, மேசையைத் துடைத்து, புதுத் தாள் வைத்து, பென்சில்களைச் சீவி அடுக்கினார். தேத்தண்ணி போட்டுக்கொண்டுபோய் வைத்தார். பேர்ள் குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டு நின்றாள். அவர் வாசலில் நின்று இரண்டு தரம் செருமினார்.

“மேசையில எல்லாம் வைச்சிருக்கு,” என்றார்.

“என்னத்துக்கு?”

“றெஜிக்கு இண்டைக்கு அம்பத்தஞ்செல்லே.”

பேர்ள் பருப்புத் தண்ணியை வடித்துவிட்டு, திரும்பவும் தண்ணியைத் திறந்துவிட்டாள்.

“இல்லையப்பா. அவனுக்கு வயசு போறது நிண்டுட்டுது,” என்றாள்.

முகாமில் கண்ட நாளிலிருந்து ஸ்ரனிஸ்லாஸ் மனதுக்குள் சொல்லிக்கொண்டு இருந்ததைத்தான் அவள் சொன்னாள். அவள் ஒருநாள் அதை ஒத்துக்கொண்டால் வீட்டில் ஒரு பாரம் இறங்கும் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறார். இப்போது இறங்கியது பாரமாகத் தெரியவில்லை. இந்த வீட்டில் தங்களோடு சேர்ந்து நரைத்துக்கொண்டு வந்த ஒரு மனுசனைத் தன் கையால் முடித்துவிட்டது போல இருந்தது. அவன் எங்கேயாவது ஒரு மறியலில் கம்பிக்குப் பின்னால், ஒரு ஆசுபத்திரியில், பெயர் மறந்துபோய் ஒரு ஊரில் இருக்கக்கூடாதா என்று முதல் தரமாக அவருக்கு ஏக்கம் வந்தது. அந்த ஏக்கத்தோடு இவள் எப்படி இவ்வளவு காலம் இருந்தாள் என்றும் அப்போதுதான் விளங்கியது.

“அவன் எங்கையும் உயிரோட இருக்கலாம், பேர்ள்,” என்றார்.

பேர்ள் குழாயைப் பூட்டினாள். ஈரக் கையைத் துவாயில் துடைத்துக்கொண்டு, சுகமில்லாத பிள்ளையைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள்.

“அதை நீங்கள் கல்லில வெட்ட முதல் சொல்லியிருக்கலாம்,” என்றாள்.